இலக்கினம் இடாத சாதகம்

அட்டன் பட்டணத்திலே மழை விடாது தூறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு ஒரு தாய் உள்ளே வந்து அமர்ந்தார். நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன் வைத்தார். மகளுக்கு வரன் வந்திருக்கிறது. பெண்ணைப் பிள்ளை வீட்டாருக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் அவர்கள் தங்களுக்குத் தெரிந்த சோதிடரிடம் சாதகத்தைக் காட்டியபோது, "எட்டாம் இடத்திலே செவ்வாய்" என்று அவர் சொல்லிவிட்டாராம். அதன் பின் அவ்வீட்டிலிருந்து பேச்சு மூச்சு இல்லை.

"பிறந்த நேரத்தை யார் குறித்தது, அம்மா?" என்று வினவினேன்.

"குறிச்ச நேரமுன்னு ஒண்ணும் இல்லீங்க சாமி. மேக்கணக்குக்குப் போன லொறி வர்றதுக்குள்ள லயத்துலேயே பொறந்துருச்சு. பக்கத்துக் காம்பரா அண்ணன் கைக்கடியாரத்தப் பாத்து, ஏழு மணி இருக்குமுன்னு சொன்னாரு. அதத்தான் எழுதிக் குடுத்தோம்."

"ஏழு மணி இருக்கும்" என்று அந்த அயலவர் சொன்னார். தாளில் ஏறியபோது "இருக்கும்" என்ற சொல் உதிர்ந்துபோய், "ஏழு மணி" மட்டும் நின்றுவிட்டது. இவ்வாரம் இதைப் பற்றியே எழுத எண்ணினேன்.

மாணவ நேயர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறக்கும் கணத்தில் கீழ்வானத்திலே உதயமாகிக்கொண்டிருக்கும் இராசியே இலக்கினம். பூமி ஒரு முறை சுழல்வதற்குள் பன்னிரண்டு இராசிகளும் உதித்துவிடுகின்றன. ஆகவே இராசி ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அதாவது ஐந்து நாழிகை. அதனை ஒன்பதாகப் பகுத்து வரும் நவாம்சம் ஒன்றுக்கோ பதின்மூன்று நிமிடமே. சந்திரனை எடுத்துக்கொண்டால், ஓர் இராசியில் இரண்டே கால் நாள் தங்குவான். ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் எடுப்பான். செவ்வாய் ஓர் இராசியில் வழக்கமாக ஒன்றரை மாதம் நிற்பான், வியாழன் ஓராண்டு, சனி இரண்டரை ஆண்டு. ஆதலின் பிறந்த நாள் தெரிந்தாற்போதும், கிரகங்கள் எந்தெந்த இராசியில் நின்றன என்பதைப் பஞ்சாங்கத்தைப் புரட்டி எழுதிவிடலாம். அன்றைக்கு இராசி மாறுகின்ற கிரகம் இருந்தால் அதனிடத்தில் மாத்திரம் ஐயம் தோன்றும். வீடுகளை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதொன்றே நாளைக் கொண்டு அறிய முடியாதது. அதற்கு மணி வேண்டும்.

செவ்வாய்த் தோஷம் அந்த எண்ணிக்கையைப் பற்றிக்கொண்டு நிற்பது. இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் நின்றால் தோஷம் என்பது நம்மவர் வழக்கு. சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணுவாரும் உளர், அது வேறு. இங்கே மாணவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். செவ்வாய் எந்த இராசியில் நின்றாலும் சரி, அன்று உதிக்கும் பன்னிரண்டு இலக்கினங்களில் ஐந்துக்குத் தோஷம் உண்டு; ஏழுக்கு இல்லை. கடகம், சிம்மம் முதலியவற்றுக்குச் சொல்லப்படும் விலக்குகளைத் தள்ளிவைத்தே இதனைச் சொல்கிறேன். ஒரே நாளில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் தோஷக்காரராகிவிடுகின்றனர்! அரை மணி முன்பின் ஆனாலும் வரவும் போகவும் கூடிய ஒன்றை, "இருக்கும்" என்ற சொல்லை ஆதாரமாகக் கொண்டு ஒரு பெண்ணின் மீது ஏற்றலாமா?

மலைநாட்டில் பிறந்த நேரம் தெரியாமற் போனதற்குத் தாய்மாரின் அசிரத்தை காரணமன்று. தேயிலைத் தோட்டத்திலே நெடுங்காலம் கடிகாரம் இருந்த இடங்கள் ஆபீசும் தொழிற்சாலையும் துரையின் பங்களாவும். லயத்து மக்களுக்குப் பொழுதை அறிவித்தவை விடியுமுன் அடித்த தப்பும், பிரட்டுக் களத்துக் கூப்பிடும், தொழிற்சாலைச் சங்கும், கொழுந்து நிறுக்கும் வேளைகளுமே. வேலைக்குரிய நேரம் கணக்காகக் காக்கப்பட்டது. பிள்ளை பிறந்த நேரத்தைக் காப்பார் இல்லை. பிறப்புப் பதிவேடு வேண்டுவதும் திகதியையும் இடத்தையுமே, மணியை அன்று. அத்திகதிக்கும் இடத்துக்குமே தாள் இல்லாது எத்தனை குடும்பங்கள் தவித்தன! 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றேல் தந்தையின் தந்தையும் அவர்தம் தந்தையுமோ இத்தீவிற் பிறந்ததற்குச் சான்று கேட்டபோது, காட்ட ஒன்றுமின்றி நாடற்றவரானோர் பல இலட்சம் பேர். 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை அந்தத் துன்பத்தின் எச்சம் தொடர்ந்தது. திகதிக்கே இந்நிலையெனில் நாழிகை விநாழிகைக்கு எங்கே போவது?

ஆயினும் கடிகாரம் இல்லாத நினைவு பயனற்ற நினைவு என்று கொள்ளலாகாது. நம் சோதிடர்கள் செய்யும் முதற்பிழை, "எத்தனை மணிக்குப் பிறந்தது?" என்று கேட்பது. அப்படிக் கேட்டால், மரியாதைக்காகவேனும் ஏதோ ஒரு மணியைச் சொல்லிவிடுவார்கள். "அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது?" என்று கேட்க வேண்டும். தப்பு அடித்துவிட்டார்களா? வீட்டு ஆண்கள் பிரட்டுக்குப் போய்விட்டார்களா? பகல் நிறுவைக்கு முன்னா, பின்னா? அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் மலையிலிருந்து இறங்கினார்களா? விளக்கு வைத்தாயிற்றா? கோச்சி கூவிற்றா? அட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் வந்து சேர்ந்த புகையிரதம், பாதையோரத் தோட்டங்களுக்கு இலவசமாய்க் கிடைத்த கடிகாரம் அல்லவா? மாதத்தில் ஐயமிருந்தால் காமன் கூத்துக்கு முன்னா பின்னா என்று கேட்கலாம். நிலா இருந்ததா என்றும் கேட்டுவைப்பது நன்று. சாயங்காலமே முழுநிலவைக் கண்டதாகப் பாட்டி சொல்ல, பஞ்சாங்கத்தில் அத்திகதி தேய்பிறையாயிருந்தால், மணியை விடுங்கள், திகதியே பிழை.

மலைக்கென்றே உரிய ஓர் இடறலும் உண்டு. பழைய சாதகங்களில் "உதயாதி நாழிகை இத்தனை" என்று, சூரிய உதயத்திலிருந்து எண்ணி எழுதுவர். பஞ்சாங்கத்தின் உதயம் சமதளமான கீழ்வானத்துக்குரியது. பள்ளத்திலுள்ள லயத்துக்கோ, வெயில் மலைமுகட்டைத் தாண்டி வந்தால்தான் உதயம். "சூரியன் மலைக்கு மேலே ஏறின நேரம்" என்று ஒரு மூதாட்டி சொன்னால், மெய்யான உதயம் ஆகி ஒரு மணி நேரமும் கடந்திருக்கலாம். அதற்குள் பாதி இராசி உதித்துவிட்டிருக்கும். மூடுபனி நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்த இடர் என்றும் எண்ண வேண்டாம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தொலமி, சூரிய கடிகாரத்தையும் நீர்க்கடிகாரத்தையும் நம்பிப் பிறப்பு வேளையைக் கணிப்பதில் பிழை நேருமென்று தம் சோதிட நூலிலே எச்சரித்திருக்கிறார்.

அரை மணி ஒரு மணியில் எவ்வளவு புரளும் என்பதற்கு, முதியோர் பலர் நினைவில் வைத்திருக்கும் நாள் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1955 ஜூன் 20, திங்கட்கிழமை. அன்று காலையிலே இலங்கையில் முழுச் சூரிய கிரகணம். "கிரகணத்தன்று பிறந்தவள்" என்று சொல்லப்படும் ஒருவருக்குத் திகதி தவறவே தவறாது. திருக்கணிதப்படி சூரியன், சந்திரன், செவ்வாய் மூவரும் அன்று மிதுனத்தில் நின்றனர். நண்பகலுக்குச் சற்றுப் பின் மிருகசீரிடம் முடிந்து திருவாதிரை தொடங்கியது. ஆகவே அன்று மாலை பிறந்த பெண்ணுக்கு மிதுன இராசி, திருவாதிரை நட்சத்திரம் என்பதில் ஐயமே இல்லை. இனி இலக்கினத்தைப் பார்ப்போம். ஏறக்குறைய நான்கு மணி முதல் விருச்சிகம்; செவ்வாய் எட்டில். ஆறு மணியை ஒட்டித் தனுசு; செவ்வாய் ஏழில். இரவு எட்டேகால் ஆகும்போது மகரம்; செவ்வாய் ஆறில், தோஷம் இல்லை. "விளக்கு வைத்த பிறகு பிறந்தாள்" என்று தாய் சொல்கிறாள். விளக்கு வைத்து எவ்வளவு நேரம் கழித்து? இராச்சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? அந்த ஒரு விடையில் ஏழாமிடத்துச் செவ்வாய் உண்டாகிறது, அல்லது இல்லாமற் போகிறது.

திசையின் கதையும் அப்படியே. திருவாதிரைக்கு இராகு திசை பதினெட்டு ஆண்டு. பிறக்கும்போது சந்திரன் அந்நட்சத்திரத்தில் எவ்வளவு கடந்திருந்தான் என்பதைப் பொறுத்தே மீதி இருப்பு. ஒரு மணி நேரம் பிழைத்தால் இருப்பில் ஏறக்குறைய பத்து மாதம் பிழைக்கும். அப்பிழை அதன்பின் வரும் எல்லாத் திசைகளிலும் தொடரும். "வருகிற தையில் திசை மாறுகிறது, அதுவரை பொறுங்கள்" என்று மாதம் குறித்துச் சொல்வாரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாய் இருங்கள்.

நேரம் அறியாதார்க்கு நூல்கள் வழி சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கின்றன. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தமது பிருகத் சாதகத்தில் நஷ்ட சாதகம் என்று ஓர் அத்தியாயமே வைத்துள்ளார். வந்தவர் கேள்வி கேட்கும் வேளையின் இலக்கினத்தைக் கொள்வது. அது இராசியின் முற்பாதியானால் பிறப்பு உத்தராயணத்தில், பிற்பாதியானால் தட்சிணாயனத்தில். வியாழனின் நிலையைக் கொண்டு ஆண்டு. இப்படியே மாதம், திதி என்று இறங்கிச் செல்வது. அறிவுக்கு இனிய அமைப்புத்தான். ஆனால் மழைக்கு ஒதுங்கி ஒரு மணி நேரம் பிந்தி வந்தவருக்கு வேறொரு பிறப்பு அமைந்துவிடுமே! ஆறுதல் வேண்டி வந்தவருக்கு அது உதவலாம். ஒரு சம்பந்தத்தைத் தட்டிக் கழிக்க அதனை ஆதாரமாக்குவது எனக்கு ஒப்பவில்லை.

பெயரின் முதலெழுத்தைக் கொண்டு நட்சத்திரம் காண்பது இன்னொரு வழக்கம். நட்சத்திரம் பார்த்துப் பெயரிட்ட குடும்பத்துக்கு அது பொருந்தும். மாரியம்மனையோ முனியாண்டியையோ நினைத்துப் பெயரிட்டோருக்கு அவ்வெழுத்தில் நட்சத்திரம் எங்கிருந்து வரும்? அதிலும் தோட்டத்துப் பெயர்கள் செக்ரோலில் எழுதிய கையின் விருப்பப்படி உருமாறியவை. "இராமாயி" என்று இலக்கணப்படி எழுதினால் இகரம் கார்த்திகைக்குரியது. பேசுகிறபடி "ராமாயி" என்று எழுதினால் அது சித்திரைக்குரியது! கிளாக்கரின் பேனா ஒரு பெண்ணை மேடத்திலிருந்தோ இடபத்திலிருந்தோ கிளப்பிக் கன்னி துலாத்துக்குக் கொண்டுபோய்விடும்.

மூன்றாவது வழி, நடந்த சம்பவங்களைக் கொண்டு பின்னோக்கிச் சென்று நேரத்தைத் திருத்துவது. தம்பி பிறந்த ஆண்டு, தகப்பனார் காலமான ஆண்டு, வீடு மாறிய ஆண்டு ஆகியவற்றை வைத்து எந்த இலக்கினம் ஒத்துவருகிறதென்று பார்ப்பர். தாய் சொல்லும் வேளை இரண்டு இலக்கினங்களின் எல்லையிலே விழுகிறதென்றால், இரண்டிலொன்றைத் தெரிய இது துணை செய்யும். ஒன்றுமே தெரியாத இடத்தில், பன்னிரண்டையும் வைத்துத் தேடினால், பொருந்துகிற இலக்கினம் ஒன்று எப்போதும் அகப்பட்டே தீரும். தேடியவரின் சாமர்த்தியமே அது.

அப்படியானால் நேரம் அறியாத பெண்ணுக்குப் பொருத்தமே பார்க்க இயலாதா? நன்றாக இயலும், இதுதான் பலருக்குத் தெரிவதில்லை. தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, இராசி, இராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்னும் பத்துப் பொருத்தமும் இருவருடைய நட்சத்திரத்தையும் இராசியையும் கொண்டே பார்க்கப்படுபவை. அவற்றில் ஒன்றுக்கேனும் இலக்கினம் வேண்டாம். நாள் தெரிந்தால் நட்சத்திரம் தெரியும். இரண்டு நட்சத்திரங்கள் சந்திக்கும் நாளானால், காலையா மாலையா என்ற அளவு போதும். எல்லையில் மாத்திரம் வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில நாழிகை வேறுபாடு வரும். இரு வீட்டாரும் ஒரே பஞ்சாங்கத்தைக் கொள்வது நலம். கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கமோ, திருக்கணிதமோ, ஏதாயினும் ஒன்று. சந்திரனையே இலக்கினமாகக் கொண்டு வீடுகளை எண்ணிப் பலன் சொல்வதும் பழைமையான முறையே. நாளைக் கொண்டு சொல்லக்கூடியதைச் சொல்லி, மணியைக் கொண்டு மட்டுமே சொல்லக்கூடியதைச் சொல்லாது விடுவதே நான் கைக்கொள்ளும் வழி.

இனி, "எங்கள் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி அட்டையிலே நேரம் இருக்கிறது, எங்களுக்குக் கவலையில்லை" என்பாருக்கும் ஒரு வார்த்தை. அந்த நேரம் எந்தக் கடிகாரத்தின் நேரம்?

இலங்கையின் கடிகாரம் ஒரே நிலையில் நின்றதன்று. யுத்த காலத்திலே, 1942 ஜனவரியில் அரை மணியும் அவ்வாண்டு செப்டெம்பரில் மேலும் அரை மணியும் முன்னே தள்ளப்பட்டு, 1945 ஒக்டோபரில்தான் பழைய நிலைக்கு வந்தது. அந்நாளில் பிறந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்கள் சாதகத்தை யாரும் பொருத்தத்துக்குக் கொண்டுவரப் போவதில்லை. ஆனால் 1996 மே 25இல், மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு, ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அதில் அரை மணியைக் குறைத்தார்கள். மீதி அரை மணி 2006 ஏப்ரல் 15 வரை நிலைத்து நின்றது. இப்பத்தாண்டுகளில் பிறந்த பிள்ளைகளே இன்று மணவயதில் நிற்கிறார்கள்!

அக்காலத்து அட்டையில் இரவு ஏழு என்றிருந்தால், பஞ்சாங்கக் கணிதத்துக்கு அது ஆறரை. 1996இன் அந்த ஐந்து மாதத்துக்குள்ளானால் ஆறு. அரை மணி என்பது ஓர் இராசியின் உதய காலத்தில் கால் பங்கு. எனவே இதனைக் கழியாமற் கணித்த சாதகங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இலக்கினமே மாறியிருக்கும். ஒரு மணியைக் கழிக்கத் தவறினால் இரண்டில் ஒன்றுக்கு. இக்காலத்துக் கணினிக் கணிப்புகள் சிலவற்றில் இத்திருத்தம் தானே அமைந்திருக்கும். கையாற் கணிப்பவரும், எந்த ஆண்டுக்கும் ஐந்தரை மணி என்ற ஒரே வித்தியாசத்தைப் புகுத்துபவரும் இடறுவது இங்கேதான். உங்கள் வீட்டில் அந்த ஆண்டுகளில் பிறந்தவர் இருந்தால், சாதகத்தைக் கணித்தவரிடம் இதை ஒருமுறை கேட்டு வையுங்கள். திருத்தினால் இல்லாத தோஷம் வந்து சேரவும் கூடும் என்பதை மறைக்க மாட்டேன். கணக்கு யாருக்கும் பரிந்து பேசாது.

மழை நின்றபாடில்லை. அந்தத் தாய் கொண்டுவந்த தாளைத் திரும்பவும் விரித்தேன். பெண் பிறந்தது 1998இல். அயலவரின் கைக்கடிகாரம் ஏழு என்றால் பழைய கணக்கில் ஆறரை. அன்றைய இலக்கினம் மாறும் வேளையோ அவ்விரண்டுக்கும் நடுவிலே விழுந்தது. ஏழுக்கு எட்டாமிடத்தில் நின்ற செவ்வாய், ஆறரைக்கு ஒன்பதாமிடத்தில் நின்றான்.

"அப்போ தோஷம் இல்லீங்களா, சாமி?" என்று அத்தாய் முகமலர்ந்து கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட நா எழுந்தது. ஆனால் "ஏழு மணி இருக்கும்" என்றவரின் ஏழு, ஆறே முக்காலாகவும் இருந்திருக்கலாம், ஏழரையாகவும் இருந்திருக்கலாம். பிள்ளை அழுதபோது என்ன நடந்தது என்று கேட்டேன். லொறி வருகிற சத்தம் கேட்டது என்றார், மழை என்றார், விளக்கு வைத்தாகிவிட்டது என்றார். அதற்கு மேல் நினைவில்லை. வலியில் கிடந்த தாய்க்கு அவ்வளவு நினைவிருந்ததே பெரிது.

புதிய தாள் ஒன்றை எடுத்துக் கட்டம் வரைந்தேன். கிரகங்களை அவையவை நின்ற இராசியில் எழுதினேன். நட்சத்திரமும் இராசியும் குறித்து, பிள்ளை வீட்டாரின் நட்சத்திரத்தோடு பத்துப் பொருத்தத்தையும் பார்த்து, ஏழு பொருந்துகின்றன, ரஜ்ஜு தட்டவில்லை என்று கீழே எழுதினேன். "பிறந்த வேளை திட்டமாய்த் தெரியாமையால் இலக்கினம் குறிக்கப்படவில்லை, இலக்கினத்தைக் கொண்ட தோஷம் உண்டென்றோ இல்லையென்றோ சொல்வதற்கில்லை" என்று அதன் கீழ் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டேன். "ல" என்ற எழுத்து எந்தக் கட்டத்திலும் இல்லாத அந்தத் தாளைப் பிள்ளை வீட்டாரிடம் அப்படியே காட்டும்படி சொல்லிக் கொடுத்தேன். அவர் அதனை நாலாக மடித்து, நனையாதபடி பழைய தாளுக்குள் வைத்துக்கொண்டு, குடையை எடுத்தார்.